இரைச்சல் சேர்த்து எழுதிய பொய்

அன்வர், சலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தட்டில் பிரியாணியை அளைந்துகொண்டே நீ என்னிடம் ஒன்று கேட்டாய். நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதையெல்லாம் உன் அம்மா தினமும் இரண்டு வேளை ஃபோனில் கேட்டுவிடுகிறாள், நான் வேறு கேட்க வேண்டியதில்லை. இதையும் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனில் நான் எதை ஆரம்பித்தாலும் "சரி, பாத்துக்க" என்று முடித்துவிடுகிறேன் என்பது உனக்கே தெரியும். முகம் தெரியாத வானொலி நிலையங்களுக்கெல்லாம் ஐம்பது வருடமாகக் கடிதம் எழுதிய கை இது. பெற்ற பிள்ளைக்கு எழுதுவது இதுதான் முதல் முறை. நாளை வெள்ளிக்கிழமை காலையில் தபாலில் சேர்த்தால் சனிக்கிழமை உன் அறைக்கு வந்துவிடும். திருமங்கலம் ஒன்றும் பசிபிக் தீவு இல்லை.

நீ சொன்னதை ஒரு முறை நானே எழுதிப் பார்க்கிறேன். சரியாகத்தான் காதில் வாங்கினேனா என்று நீ சரிபார்த்துக்கொள். கப்பலூரில் உங்கள் கம்பெனியில் தீயணைப்பு சிலிண்டர் செய்கிறீர்கள். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் சுவரில் தொங்குமே, அந்தச் சிவப்பு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி, பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, எங்காவது கசிகிறதா, வீங்குகிறதா என்று பார்த்து, அளவைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது உன் வேலை. பம்பு மூன்று வாரமாகப் படுத்துக் கிடக்கிறது. நூற்றைம்பது சிலிண்டர் சோதிக்காமல் நிற்கிறது. வருகிற திங்கட்கிழமை அதை ஏற்றிப் போக லாரி வருகிறது. "எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணுனதா எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றாரு ஓனரு. போடலேன்னா வேற ஆளப் பாத்துக்குவாராம். நிக்காஹுக்கு முப்பத்தெட்டு நாளு கெடக்கு. இப்பப் போயி வேலை இல்லேன்னு பர்வீன் வீட்டுல எப்பிடித்தான் போயி நிக்கிறது?" என்றாய். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, "எல்லாத்துக்கும் ஒரே அளவா எழுதிராத, ஒண்ணு ரெண்டு கூடக் கொறைய மாத்தி மாத்திப் போடு, அப்பத்தான் நெசம் மாதிரி இருக்கும்னு சூப்பர்வைசர் வேற சொல்லிக் குடுக்குறாரு" என்றாய்.

நான், "சரி, பாத்து நடந்துக்க" என்றேன்.

உன் அம்மா அடுப்படியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். நீயும் பார்த்தாய். வேறு ஏதோ சொல்வேன் என்று எதிர்பார்த்துத்தான் நீ திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாய். அது எனக்குத் தெரிந்தது. ஆனால், 'கூடக் கொறைய மாத்திப் போடு' என்று நீ சொன்ன நிமிடம் என் கண் சுவருக்குப் போய்விட்டது. நீ உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் மேலே, சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. தென்னை மரமும் நீண்ட வால் பறவையும் போட்ட வண்ண அட்டை. சின்ன வயதிலிருந்து நீ பார்த்து வளர்ந்தது. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

எங்கள் நேயர் மன்றத்துப் பைத்தியக்காரத்தனம் உனக்குப் புதிதில்லை. வால்வு ரேடியோவும் பழைய ட்ரான்சிஸ்டரும் வைத்துக்கொண்டு, மாதம் ஒரு ஞாயிறு கே.கே. நகர் ட்யூஷன் சென்டரில் கூடி, யார் எந்த ஊர் நிலையத்தைப் பிடித்தான் என்று பேசிக்கொள்ளும் இருபது முப்பது பேர். மேலூரிலிருந்து வருகிற ஒருவர் மீனவர்களுக்கான வானிலை அறிக்கையை மட்டும்தான் கேட்பார். அவர் கடலைப் பார்த்ததே இல்லை. சலூன் வைத்திருக்கிற இன்னொருவருக்கு நிலையம் தொடங்கும்போது வரும் இசை போதும், அது முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டுக் கத்திரியை எடுத்துக்கொள்வார். எனக்குப் புரியாத பாஷை நிலையங்கள்தான் பிடிக்கும். எங்கோ ஒரு ஊரில் எவனோ ஒருவன் தன் ஜனங்களிடம் என்னவோ சொல்கிறான், அதைக் கோரிப்பாளையத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் கேட்கிறான் என்பதே எனக்கு ஒரு சந்தோஷம். கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதுவோம். எத்தனை மணிக்கு, எந்த மீட்டரில், என்ன நிகழ்ச்சி, ஒலி எப்படி, இரைச்சல் எப்படி என்று ஐந்து விஷயத்துக்கு ஐந்து எண், ஒவ்வொன்றும் ஐந்துக்கு எத்தனை என்று. அதை அறிக்கையாக எழுதி அனுப்பினால், நிலையத்தார் சரிபார்த்து, 'ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்' என்று ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். அந்த அட்டைதான் எங்களுக்குப் பட்டம், பதக்கம் எல்லாம்.

அந்தப் பட்டத்துக்காக வீட்டில் உங்களை என்ன பாடு படுத்தினேன்! சாயங்காலம் ஐந்தரை ஆனால் ட்யூப்லைட் அணைய வேண்டும், ஃபேன் நிற்க வேண்டும், மிக்ஸி பக்கம் யாரும் போகக் கூடாது. எல்லாம் ரேடியோவில் இரையும் என்பேன். நீ ஜன்னல் ஓரத்தில் வெளிச்சத்தைத் தேடி உட்கார்ந்து கணக்குப் போடுவாய். உன் அம்மா வாசற்படியில் நின்று, "ஒங்க ஆளு பேசி முடிச்சா சொல்லுங்க, நான் சட்னி அரைக்கணும்" என்பாள். ஒரு தரம் நீ சிரித்துவிட்டாய் என்று முதுகில் அடித்தேன். அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது ஏதோ ஒரு நாட்டுத் தானிய விலை நிலவரம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்.

மன்றத்தில் எனக்கு ஜோடி சேதுராம் வாத்தியார். உனக்கு வாத்தியார் மாமா. மகால் பக்கத்துத் தெருவில் இருக்கிற சௌராஷ்டிரக் குடும்பம், கார்ப்பரேஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். நாற்பது வருடப் பழக்கம். அவருக்குக் காலையில் குளித்துவிட்டு, காபியோடு, மத்திய அலையில் சிலோன் கேட்டாக வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான். "புரியாத பேச்சத்தான் கேக்கணும்னா வீட்டம்மா பேசுறதக் கேக்கலாமே பாய், எதுக்கு அம்புட்டு தூரம் போறீங்க?" என்று என்னைக் கேலி செய்வார். ஆனால் சிற்றலையில் உட்கார்ந்தால் அவர் காதுக்கு மதுரையில் ஜோடி கிடையாது. நான் வெறும் இரைச்சல் என்று தள்ளியதற்குள்ளிருந்து நிலையத்தின் பெயரை எடுத்துக் கொடுப்பார். மார்க் போடுவதில் மகா கருமி. உள்ளூர் நிலையத்துக்கே ஐந்துக்கு நாலுதான். கேட்காத நாளில் 'ஒன்றும் கேட்கவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். நாங்களெல்லாம் அந்த மாதிரி நாட்களை எழுதாமல் விட்டுவிடுவோம். அவர் விடமாட்டார்.

நீ பிளஸ் டூ படித்த வருடம், பசிபிக் கடலில் இருக்கிற ஒரு சின்னத் தீவு நிலையம் சிற்றலையை மூடப் போவதாக அறிவித்தது. மூடுவதற்கு முன் ஆசிய நேயர்களுக்காக ஒரே ஒரு நாள், நம் நேரத்துக்கு மாலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை, சிறப்பு ஒலிபரப்பு. கேட்டு எழுதுகிறவர்களுக்குக் கடைசி அட்டை. நிகழ்ச்சி வரிசை முன்கூட்டியே அச்சாகி வந்துவிட்டது. முதலில் தீவுப் பாட்டு, பிறகு வாழ்த்து, பிறகு நேயர் கடிதம் என்று. மன்றமே பத்து நாள் அதைத்தான் பேசியது. அன்றைக்கு நான் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, காதுக்குழலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரைச்சல்தான் வந்தது. முள்ளை ஒரு மயிரிழை அந்தப் பக்கம், ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நகர்த்தினேன். ஏரியலைத் தொட்டுக்கொண்டு நின்றேன். இரைச்சல்தான். மக்ரிப் பாங்கு சொன்னார்கள். எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தேன். வீட்டுக்குள் நுழையவும் ஃபோன் அடித்தது. வாத்தியார்.

"பாய், எனக்கு ஒரே இரைச்சல். ஒரு மணி நேரமும் ஒக்காந்துட்டேன். ஒங்களுக்கு வந்துச்சா?"

அப்போது என் வாயில் எந்தச் சைத்தான் உட்கார்ந்திருந்தானோ தெரியவில்லை. அதுவரை முப்பது வருடத்தில் அவருக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்ததாக ஒரு நாளும் இருந்ததில்லை, அந்த ஆசைதான். "வந்துச்சு வாத்தியாரே. மங்கலாத்தான். ஆனா வந்துச்சு" என்றேன். அவர், "அப்பிடியா. நல்லது பாய்" என்று வைத்துவிட்டார்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. தொழுகைக்கு ஒளு செய்து கழுவிய ஈரம் கையில் காய்வதற்கு முன் குறிப்பேட்டை எடுத்தேன். அச்சாகி வந்த நிகழ்ச்சி வரிசையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறிக்கை எழுதினேன். இந்த இடத்தை நீ கவனமாகப் படிக்க வேண்டும். நான் ஐந்துக்கு ஐந்து போடவில்லை. போட்டால் எவனும் நம்பமாட்டான் என்று எனக்குத் தெரியும். ஒலிக்கு இரண்டு, குறுக்கீட்டுக்கு மூன்று, இரைச்சலுக்கு இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டேன். 'ஐந்து ஐம்பதுக்கு ஒலி மங்கிவிட்டது, அறிவிப்பாளர் பெயர் பிடிபடவில்லை' என்று எழுதினேன். பொய்க்கு இரைச்சல் சேர்த்தேன், அன்வர். நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்று. உன் சூப்பர்வைசர் உனக்குச் சொல்லிக் கொடுத்த வித்தையை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானே கற்றுக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? நீ கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு ஓடி வந்து, "அத்தா, அந்தத் தீவுல என்ன பேசுனாங்க?" என்று கேட்டாய். உன் கண்ணைப் பார்த்துக்கொண்டு, "பேச்சு புரியலடா, ஆனா பின்னால கடல் அலைச் சத்தம் கேட்டுச்சு" என்றேன். நீ அப்படியே நின்றுவிட்டாய். மறுநாள் உன் வகுப்பு முழுக்க அது பரவிவிட்டது. போன மாதம் நிச்சயத்தன்று பர்வீன் என்னிடம் முதன்முதலாகப் பேசிய பேச்சும் அதுதான். "மாமா, நீங்க ரேடியோவுலயே கடல் சத்தம் கேட்டீங்களாமே, இவுக சொன்னாக" என்றது அந்தப் பிள்ளை. நான் தலையை ஆட்டினேன். அந்த அலைச் சத்தமும் பொய்தான், அன்வர். நீ உன் வருங்கால மனைவியிடம் பெருமையாகச் சொன்ன முதல் கதை உன் அத்தாவின் பொய். உன்னிடம் சொல்ல எனக்கு மிகவும் கஷ்டமாக இருப்பது இதுதான்.

அட்டை வந்தது. மதுரையிலேயே அது என் ஒருவனிடம்தான் இருந்தது. மன்றத்தில் கைதட்டினார்கள். வாத்தியாரும் தட்டினார். அட்டையைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கோரிப்பாளையம் சிக்னல் பக்கத்துல, அம்புட்டு வண்டிச் சத்தத்துல ஒங்களுக்கு வந்துருக்கு. அமைதியான வீட்டுல எனக்கு வரல" என்றார். அதற்கப்புறம் தன்னுடைய பெரிய வால்வு ரேடியோவை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தார். அவன் உள்ளே இருந்த திருகையெல்லாம் திருகி, நன்றாக இருந்த பெட்டியைக் கெடுத்துக் கொடுத்தான். பிறகு காது டாக்டரைப் பார்த்தார். வயதுக்கு உள்ளதுதான், வேறொன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதை, காது போய்விட்டது என்று இவர் எடுத்துக்கொண்டார். ஆறே மாதத்தில் மன்றத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். சிலோன் கேட்பதையும் நிறுத்திவிட்டார். நான் போய்க் கூப்பிட்டால், "நீங்க கேட்டு வந்து சொல்லுங்க பாய், ஒங்க காது இருக்குல்ல, எனக்குப் போதும்" என்பார்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அட்டை வந்த இரண்டாவது மாதம், நேயர்களுக்கான ஆங்கிலச் செய்தி மடல் வந்தது. மன்றத்துக்கு ஒரே பிரதி, என் விலாசத்துக்கு வரும், நான்தான் படித்துச் சொல்வேன். அதில் ஒரு மூலையில் நாலு வரி இருந்தது. அந்தத் தீவில் அன்றைக்கு ஜெனரேட்டர் கெட்டுப்போய்ச் சிறப்பு ஒலிபரப்பு நடக்கவே இல்லையாம். வந்த அறிக்கைகளையெல்லாம் அலுவலகத்தில் நிகழ்ச்சி வரிசையோடு ஒத்துப் பார்த்து அட்டை அனுப்பிவிட்டார்களாம், அதற்கு வருத்தம் தெரிவிக்கிறார்களாம். ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதிய வாத்தியார் காதுதான் சரியான காது. அதை அன்றைக்கே அவரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் தன் காதின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை பிழைத்திருக்கும். நான் அந்தப் பக்கத்தைக் கிழித்து, பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். முதலில் சொன்னது ஆசையில் வந்த பொய். இது யோசித்து, சாவி போட்டுச் செய்தது. பத்து வருடம் போய்விட்டது.

உனக்கு ஒன்று சொல்கிறேன். கேட்டதாக ஒருவன் எழுதிவிட்டால், அதைப் படிக்கிற நல்லவன் முதலில் தன்னைத்தான் சந்தேகப்படுவான். உன் கையெழுத்தை நம்பி ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேன் அந்த சிலிண்டரைச் சுவரில் மாட்டுவார். நாளைக்கு அது வெடித்தாலோ, நேரத்துக்கு வேலை செய்யாமல் போனாலோ, 'நான்தான் சரியாப் புடிக்கலயோ' என்று அந்த மனுஷன் தன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நூற்றைம்பதில் ஒன்றும் ஆகாமலே போகலாம். என் அட்டையாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றுதான் நானும் நினைத்தேன்.

போன ஞாயிறு நீ பஸ் ஏறிப் போனதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்று வியாழன். காலையில் கடையைத் திறக்காமல், அட்டையைச் சட்டத்திலிருந்து எடுத்து, கிழித்து வைத்த பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய ரேடியோ மூலையில் இருந்தது. அதன் மேல் துணி விரித்து, மாத்திரை டப்பாவும் பேரன் படமும் வைத்திருந்தார்கள்.

"வாங்க பாய். என்ன இந்நேரம்? கடை லீவா?"

"வாத்தியாரே, ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு, அட்டையையும் பக்கத்தையும் அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோனில் சொன்ன பொய், சேர்த்த இரைச்சல், கிழித்த பக்கம் எல்லாம். ஆங்கிலத்தில் இருந்த நாலு வரியையும் படித்துச் சொன்னேன்.

அந்தப் பக்கத்தை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, "அப்ப அன்னிக்கு ஒண்ணுமே வரலையா?" என்றார்.

"வரல."

"யாருக்குமா?"

"யாருக்குமே வரல. அவன் அனுப்பவே இல்ல. நீங்க கேட்டதுதான் சரி."

பேப்பரை மடித்து வைத்தார். மடித்ததை மறுபடி மடித்தார். "பத்து வருசம்யா" என்றார். "காது செத்துப்போச்சுன்னு பத்து வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன். பேரன் பேசுறதக்கூட ரெண்டு தடவ கேட்டுத்தான் பதில் சொல்றேன், தப்பாக் காதுல விழுந்துருக்குமோன்னு. ஒனக்கு ஒரு அட்டை. அம்புட்டுத்தான?" நாற்பது வருடத்தில் அவர் என்னை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த வீட்டம்மா டீயோடு வந்தார்கள். வாத்தியார் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். டீ அப்படியே உள்ளே திரும்பிப் போனது. எனக்குப் புரியாத பாஷைதான் பிடிக்கும் என்று அவரிடம் பெருமை பேசியவன் நான். இது நன்றாகப் புரிந்தது.

கிளம்பலாம் என்று எழுந்தேன். "ஒக்காரு" என்றார். உள்ளே போய் ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து வந்து, எச்சில் தொட்டுப் பக்கங்களைத் தள்ளி, அந்தத் தேதியைக் கண்டுபிடித்தார். அவருடைய மணிமணியான கையெழுத்தில், 'மாலை 5.30 முதல் 6.30 வரை. ஒன்றும் கேட்கவில்லை' என்று இருந்தது. கீழே அவர் கையெழுத்து. அதற்குக் கீழே, பின்னொரு நாளில் வேறு மையால் எழுதியது: 'காதில் கோளாறு?' சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். வாத்தியாராயிற்றே, அந்தப் பேனா மட்டும் இன்னும் போகவில்லை. "அந்தக் கோளாற நீயே அடி" என்றார். அடித்தேன். "தேதி போடு." போட்டேன். "கையெழுத்துப் போடு." போட்டேன். கோணலாகத்தான் விழுந்தது.

படியிறங்கும்போது, "ஞாயித்துக்கெழம கே.கே. நகர்ல நம்ம மன்றத்துக் கண்காட்சி இருக்கு. நீங்க வருவீங்களா?" என்று கேட்டேன். "வாரேன். ஒன்னயப் பாக்க இல்ல. இந்தப் பெட்டியத் தொறந்து பாக்க ஒரு நல்ல மெக்கானிக் வேணும், அங்கதான் கெடைப்பான்" என்றார். அப்போதும் 'நீங்க' திரும்பி வரவில்லை. வராமலே போகலாம். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் நான் செருப்பு மாட்டும்போது, ரேடியோ மேலிருந்த மாத்திரை டப்பாவை அவர் நகர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மன்றத்தின் கண்காட்சியில் அந்த அட்டையை முதல் மேசையில் வைத்து, எனக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. பொன்னாடை வேண்டாம், ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் முன்னால், எல்லார் முன்னாலும், உன்னிடம் சொன்ன இதையே சொல்வேன். இந்தக் கடிதத்தில் உன் கம்பெனி சம்பந்தப்பட்டதை வெட்டிவிட்டு, என் சம்பந்தப்பட்டதை மன்றத்து மடலில் அச்சடிக்கச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். உன் மாமனாராகப் போகிறவரையும் ஃபோன் செய்து கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டேன். "என்ன விசேசம் சம்பந்தி?" என்றார். "வந்து கேளுங்க, கேட்டுட்டு இந்த வீட்டுக்குப் பொண்ணு குடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணுங்க" என்றேன். உன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து வந்து, "சொல்றத நல்லா சத்தமாச் சொல்லுங்க. வாய்க்குள்ளயே முனகாதீங்க" என்றாள்.

நீ வேலையை நினைத்துப் பயப்படுகிறாய். பயப்பட வேண்டிய விஷயம்தான், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். வேலை போகலாம். போனால் வேறு வேலை கிடைக்கும்வரை நம் கடையில் எனக்கு எதிரே உட்கார். கண்ணாடி மாற்ற வருகிறவர்களிடம் நான் பேசியே கழுத்தை அறுக்கிறேன் என்று ஊரே சொல்கிறது, நீ கொஞ்சம் பேச்சைக் குறைத்துவிடலாம். பர்வீனிடம் கம்பெனி விஷயத்தை நீயே சொல், இன்றைக்கே சொல். அலைச் சத்தம் பொய் என்பதையும் சொல்லிவிடு, அதற்கு மன்னிப்பை நான் நேரில் கேட்டுக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு அத்தாவாக ஒரு புத்தி சொல்வது வழக்கமாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தப் பிள்ளை சொன்னதைக் கேள், சொல்லாததைச் சொன்னதாக நீயே எழுதிக்கொள்ளாதே. கேட்கவில்லை என்றால், இன்னொரு தரம் சொல்லும்மா என்று கேள்.

அட்டை இருந்த இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்துத் தெரிகிறது. காலண்டர் மாட்டவா என்று உன் அம்மா கேட்டாள். வேண்டாம், நீ வந்து பார்க்கட்டும் என்றேன். என் குறிப்பேட்டிலும் அந்தத் தேதியைத் தேடிப் பிடித்து, பொய்யாகப் போட்ட ஐந்து எண்களையும் அடித்துவிட்டு, 'ஒன்றும் கேட்கவில்லை' என்று எழுதிவிட்டேன். அதை எழுத எனக்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது. உனக்கு அவ்வளவு வேண்டாம். உன் படிவத்தில் அந்தக் கட்டத்தில் 'சோதிக்கவில்லை' என்று எழுது. அதற்குக் கீழே உன் கையெழுத்தைப் போடு.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வா. நான் பேசும்போது நீ முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை அவர்கள் அந்தப் பொய்ப் படிவத்தை உன் முன்னால் வைக்கும்போது கை தடுமாறினால் எனக்கு ஃபோன் செய். ஞாபகம் வைத்துக்கொள், இந்தத் தடவை "சரி, பாத்துக்க" என்று சொல்லமாட்டேன். சொல்லப்போவதை இப்போதே எழுதிவிடுகிறேன், இதில் இரைச்சல் ஒன்றும் இல்லை:

போடாதே.

உன் அத்தா